இருபத்தைந்தரை அங்குலம்

வீட்டின் முன்பாதி கொலராடோவுக்குள் போய்விட்டது. பின்பாதி இன்னும் கன்சாஸில் நின்றது. அந்த நிலையில் வீட்டைச் சுமந்த வண்டியை நிறுத்தச் சொன்னேன். எல்லைச் சாலையின் குறுக்கே போகும் டெலிபோன் கம்பி நான் அளந்து வைத்திருந்ததைவிட ஒரு சாண் தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு கம்பியின் மேல் இல்லை. நான் அளந்தது வசந்தத்தில், பனி விழுந்த ஒரு காலையில். இன்று அக்டோபருக்குப் பொருந்தாத வெயில். சூடேறினால் கம்பி நீளும், நீண்டால் தொங்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வெயிலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூரை முகட்டில் உட்கார்ந்திருந்த டுவெய்ன் நீளமான பைபர் கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். அவன் என் மனைவி அர்லீனின் தம்பி. இருபத்தாறு வருஷமாக என்னோடு வேலை செய்கிறான். வேலையைவிட வாய்க்குத்தான் நான் சம்பளம் கொடுக்கிறேன் என்று ஊரில் சொல்வார்கள்.

"மச்சான், இப்ப நிலவரம் என்னன்னா, ஹால்ல உக்காந்து கஞ்சா அடிச்சா குத்தமில்ல. படுக்கையறைக்குள்ள போனா ஜெயிலு."

"கம்பியைப் பாருடா."

"பாத்துட்டுதான் இருக்கேன். பாத்ரூம் கன்சாஸ்லதான் இருக்கு. நல்லா அடக்கிக்க."

கஞ்சா கொலராடோவில் சட்டப்படி செல்லும், கன்சாஸில் குற்றம். கீழே நின்ற, வழித்துணைக்கு வரும் எஸ்கார்ட் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் இந்த மாநிலத்தவர், மற்றவர் அந்த மாநிலத்தவர். எல்லையில் ஒருவர் என்னை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப, மற்றவர் முன்னே விளக்குப் போட்டுக்கொண்டு போவார். நானும் சிரித்தேன். என் வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் வீடு பெயர்க்கிறவர்கள். இந்தச் சமவெளியில் மரம் குறைவு, நிலம் தட்டை, சாலை நேர். அதனால் வீட்டை இடித்துக் கட்டுவதைவிட அப்படியே தூக்கிக்கொண்டு போவது பல சமயம் சுலபம். அஸ்திவாரச் சுவரில் ஓட்டை போட்டு, இரண்டு நீள இரும்பு உத்தரங்களை அடியில் நுழைப்போம். அவற்றின் மேல் குறுக்கு உத்தரங்கள். பிறகு ஜாக்கிகள். சாதாரண ஜாக்கிகளை ஒரே குழாயில் இணைத்தால் எண்ணெய் பாரம் குறைந்த மூலையைத் தேடிப் போகும். அந்த மூலை முதலில் எழும், சுவர் விரிசல் விடும். எங்கள் இயந்திரம் வேறு மாதிரி. ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஒரே அளவு எண்ணெயைத் தனித்தனியாக அனுப்பும். சமையலறை மூலை எவ்வளவு கனமானாலும், வராந்தா எவ்வளவு லேசானாலும், எல்லாம் ஒரே சீராக எழும். சக்கரங்களையும் மூன்று கூட்டமாகப் பிரித்து இணைப்போம். நாலு கால் மேசை ஆடும், முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. ஓடும் வீடு ஒரு முக்காலி. இதை நான் யாரிடம் சொல்லத் தொடங்கினாலும் அரைமணி நேரம் போய்விடும். அர்லீன் பக்கத்தில் இருந்தால் என் முழங்கையைத் தொடுவாள். போதும் என்று அர்த்தம்.

நல்ல வீடு பெயர்க்கிறவனுக்கு ஒரே ஒரு பெருமைதான். எதுவும் மாறக்கூடாது. அலமாரியைக் காலி செய்யாதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வோம். படங்கள் சுவரிலேயே இருக்கட்டும். புது இடத்தில் கதவைத் திறந்தால், காலையில் பூட்டிவிட்டுப் போன வீடாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டை அப்படித்தான் கொண்டுபோனேன். அர்லீனின் காபிக் கோப்பைகள் கொக்கிகளில் தொங்கியபடியே பதினாலு மைல் வந்தன.

அந்தப் பதினாலு மைலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புகளுக்கு மேலே ஓர் உறை உண்டு, மின்கம்பியின் ரப்பர் உறை மாதிரி. அர்லீனுக்கு அது அங்கங்கே தேய்ந்துபோகிறது. உறை தேய்ந்த கம்பி பொறி விடுவதுபோல, சாயங்காலமானால் அவள் கால்கள் தாமாக உதறும், பிறகு இறுகிக்கொள்ளும். கெண்டைக்கால் கல்லாகும். டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் கால் தளர்ந்தது, ஆனால் கூடவே நாக்கும் தளர்ந்தது. பேச்சு குழறியது. கடைத்தெருவில் யாரோ அவள் குடித்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டாள்.

ஒஃபீலியா ஆர்ச்சுலெட்டா எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவள். அர்லீன் இருபது வருஷமாக அவளிடம்தான் முடிவெட்டிக்கொள்வாள். பார்லரை மூடிய பிறகும் பழக்கம் விடவில்லை. ஒருநாள் தலை அலசும் சாய்வு நாற்காலியில் அர்லீன் சாய்ந்திருந்தபோது கால்கள் உதறத் தொடங்கின. ஒஃபீலியா தன் இடுப்பு வலிக்கு வைத்திருந்த சின்னப் பழுப்பு நிறச் சீசாவிலிருந்து நாக்கடியில் நாலு சொட்டு விட்டாள். கஞ்சாச் சாறு. அங்கே அது கடையில் விற்கிற சாமான். ஒன்றரை மணி நேரத்தில் கால்கள் அடங்கின. அர்லீன் போனில் சொன்னாள், "லெராய், என் காலு எங்க இருக்குன்னே தெரியல. அவ்வளவு நல்லா இருக்கு."

பிரச்சினை இதுதான். சொட்டு விட்டால் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. கால் உதறுவது சாயங்காலத்தில். அதனால் சொட்டு விட்டவள் காலைவரை அங்கேயே இருக்க வேண்டும். சீசாவை நான் கருவிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. முப்பது வருஷம் எங்கள் மாவட்டக் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவள். எல்லையிலிருந்து வரும் சாலையில் பிடிபட்டவர்களின் குற்றப்பத்திரிகை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது.

"பள்ளிக்கூட பஸ் ஓட்டுன மார்வின் ஞாபகமிருக்கா? ரெண்டே ரெண்டு கஞ்சா மிட்டாய் வச்சிருந்தான், முதுகு வலிக்கு. அவன் பேரைத் தப்பா அடிச்சிட்டேன்னு கிழிச்சிப் போட்டு மறுபடி அடிச்சேன். அவ்வளவு சரியா அடிச்சிக் குடுத்தவ நான். இப்ப எனக்கு மட்டும் வேற சட்டமா?"

"யாரு பாக்கப் போறா அர்லீன்?"

"நான் பாப்பேன்ல."

முதலில் வாரத்தில் இரண்டு நாள் அங்கே தங்கினாள். பிறகு நாலு நாள். பார்லராக இருந்த முன்னறையை ஒஃபீலியா அவளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். ஒருநாள் அர்லீன் தன் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு நாள் குளிர்கால கோட்டை. பிரிந்து போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. புதனும் ஞாயிறும் நான் போய் வந்தேன். முடி சுருட்டும் பெர்ம் மருந்து வாடை இன்னும் போகாத அறை அது. என்னால் அங்கே தூங்க முடியாது என்று சொன்னேன். வண்டிகளும் இரும்பும் கிடக்கும் பட்டறையை யார் பார்ப்பது என்றும் சொன்னேன். இரண்டுமே உண்மை. அதனால் மூன்றாவதைச் சொல்லாமல் விடுவது சுலபமாக இருந்தது.

மூன்றாவதை டுவெய்னிடம் ஒருநாள் சொன்னேன். வேலைக்கு நடுவே ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தோம்.

"சட்டத்தைப் பாத்து யாராவது வீடு மாத்துவாங்களாடா? வேலைக்குப் போவாங்க, தண்ணிக்குப் போவாங்க. ஒரு செடிக்காகப் போறதா?"

"வரி கம்மின்னு டெக்சஸ் போனானே உன் சித்தப்பா பையன், அவனைப் புத்திசாலின்னு சொன்ன. எங்கக்கா கால் வலிக்குதுன்னு பதினாலு மைலு போனா கேவலமா?"

"கேவலம்னு சொல்லலடா. இங்கயும் சட்டம் மாறும். கொஞ்சம் பொறுக்கலாம்ல."

"பொறுக்கறது யாரு, நீயா அவளா?"

ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் மாநிலத் தலைநகரில் அதற்கு மசோதா வரும். நான் ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருப்பேன். வசந்தத்தில் அது ஏதோ ஒரு கமிட்டியில் படுத்துவிடும். மசோதா எப்படி நகர்கிறது, எந்தக் கமிட்டியில் எத்தனை பேர், எங்கே நின்றுபோகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் அர்லீனுக்கு விளக்குவேன். முதல் வருஷம் கேட்டாள். இரண்டாம் வருஷம் என் முழங்கையைத் தொட்டாள். மூன்றாம் வருஷம் தைத்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் கைத்தடி வந்தது. கைத்தடி போய் சக்கர நாற்காலி வந்தது. முதலில் வெளியே போக மட்டும் என்றாள். பிறகு வெளியே, உள்ளே என்ற வித்தியாசம் இல்லாமல் போயிற்று. பார்லர் அறையில் தடுப்பே கிடையாது. கதவு அகலம், தரை ஒரே மட்டம். மூன்று தலை அலசும் தொட்டிகளுக்கு நடுவே அவள் மீன்போலத் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகும்போது நாற்காலியை மடித்துப் பிக்கப்பின் பின்னால் ஏற்றுவது நான்தான்.

இந்த ஏப்ரலில் ஒரு மதியம் போன் செய்தேன். மசோதா செத்துப்போன மறுநாள். "எங்க இருக்க?" என்று கேட்டேன். மளிகைக் கடைக்குப் போவதாக முன்னால் சொல்லியிருந்தாள்.

"வீட்டுலதான் இருக்கேன்," என்றாள்.

போனைப் பிடித்துக்கொண்டு எங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நொடி நிஜமாகவே தேடினேன்.

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் முடிவு செய்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், ஒஃபீலியாவின் தெருக் கோடியில் ஒரு காலி மனை இருந்தது. வாங்கினேன். அர்லீனிடம் சொன்னபோது தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வீட்டையே கொண்டு வரியா?"

"அப்படியே. ஒரு கீறல் இல்லாம."

"அப்படியேவா?"

"அப்படியேதான். நீ வந்து கதவைத் திறந்தா போதும்."

அவள் மடியிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "உனக்குச் செய்யணும்னு இருந்தா செய், லெராய்," என்றாள். சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வசந்தத்திலும் கோடையிலும் நான் வேலை செய்ததைப்போல வாழ்க்கையில் செய்ததில்லை. சாலையில் முப்பத்தொரு இடங்களை அளந்தேன். எட்டு மின்கம்பிகள், இரண்டு பாலங்கள், ஒரு சோளக் கிடங்கின் மூலை, வழியில் பிடுங்கித் திரும்ப நட வேண்டிய அறிவிப்புப் பலகைகள். இரண்டு மாநிலத்திலும் பெர்மிட். மேற்குப் பாலத்தில் இரண்டு பக்கமும் ஆறு அங்குலம்தான் இடைவெளி. ஆறு அங்குலம் போதும், வண்டி நேராக வந்தால். நேராக வந்தது.

கம்பியைத் தாண்டி மதியத்துக்குள் மனையில் ஏற்றினோம். மறுநாள் முழுக்க வீட்டை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களை எடுத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் நிறுத்தினோம். அடியில் கொத்தனார் அஸ்திவாரச் சுவர் எழுப்பிய பிறகுதான் வீட்டை இறக்குவோம். அதுவரை அது தரைக்கு ஐந்தடி மேலே கட்டைக் கால்களில் நிற்கும். ஏணி வைத்து ஏறி ஒவ்வோர் அறையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. தொண்ணூறு வருஷத்துச் சுவர்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒஃபீலியாவின் வேன் வந்தது. ஒஃபீலியா ஒரு பாத்திரத்தில் பச்சை மிளகாய்க் குழம்பு கொண்டுவந்திருந்தாள், வேலைக்காரர்களுக்கு. டுவெய்ன் வேன் கதவைத் திறந்து நாற்காலியை இறக்கினான்.

"வாக்கா. உன் புருஷன் உனக்காக மலையையே பேத்துக் கொண்டாந்துட்டான். மலை கொஞ்சம் பெயிண்ட் உரிஞ்சிருக்கு."

அர்லீன் சிரித்தாள். சரளை மேல் நாங்கள் ரோலர் ஓட்டியிருந்ததால் சக்கரம் எளிதாக உருண்டது. வீட்டுக்கு முன்னால் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஜன்னல் திரை அவள் தைத்தது. அதன் மடிப்புகூடக் கலையவில்லை.

"எறக்குனப்புறம் வாசல் எவ்வளவு ஒசரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"முப்பது அங்குலம். நாலு படி. முன்ன இருந்த அதே படி, அதையும் பத்திரமா—"

அங்கே நிறுத்தினேன். 'படி' என்று நான் சொல்வது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.

"சாய்தளம் போட்டுடலாம்," என்றேன் உடனே. "ஓர் அங்குல ஒசரத்துக்கு ஓரடி நீளம். முப்பது அங்குலத்துக்கு முப்பதடி. நடுவுல ஒரு திருப்பம் வச்சா மனைக்குள்ளயே அடங்கிடும். பெரிய வேலை இல்ல."

"போட்டுடலாம்," என்றாள். "வாசக்கதவுல நாற்காலி நுழையும். சமையலறைக்குப் போற கதவு இருபத்தாறு. நாற்காலி இருபத்தஞ்சரை. சக்கரத்தைத் தள்ற கையி நுழையாது. பாத்ரூம் கதவு இருபத்தி நாலு."

சரியான அளவு. ஒவ்வொன்றும் சரி. நாற்காலியின் அகலம் எனக்கும் தெரியும். வாரா வாரம் என் பிக்கப்பில் ஏற்றியவன் நான். அது இருபத்தைந்தரை அங்குலம் என்று யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அந்தக் கதவின் அகலத்தையும் சொல்லியிருப்பேன். இரண்டு எண்களும் என் தலைக்குள் தனித்தனியாக இருந்தன. நான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே இல்லை. என் மனதில் அந்த வீட்டுக்குள் நடமாடியவள் நடந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்ப அளந்த?"

"அளக்கல. முப்பத்தி நாலு வருஷம் அந்தக் கதவு நிலையெல்லாம் தொடச்சவ நான்."

"அப்ப ஏப்ரல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல, அர்லீன்?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கேப்பேன்னு இருந்தேன்."

டுவெய்ன் குழம்புப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு ஒஃபீலியாவோடு நிழலுக்குப் போய்விட்டான். வாயாடிக்கு எப்போது போக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கதவை அகலப்படுத்தலாம் என்று சொன்னேன். சமையலறைச் சுவர்தான் கூரையின் நடுப்பாரத்தைத் தாங்குகிறது, அதை வெட்டினால் மேலே புது உத்தரம் வைக்க வேண்டும், மெல்லிய மரச்சட்டங்கள்மேல் பூசிய சுண்ணாம்பு அதிர்ச்சி தாங்காது, ஒரு பக்கம் வெட்டினால் மொத்தச் சுவரும் உதிரும், ஆனாலும் முடியும், தற்காலிகமாக முட்டுக் கொடுத்து, உத்தரத்தை ஏற்றி... அவள் கை என் முழங்கைமேல் படும் என்று எதிர்பார்த்துக்கொண்டே பேசினேன். படவில்லை. நானாகத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"ரெண்டரை வருஷம் முன்னாடி கொண்டாந்திருந்தா," என்றேன்.

"அப்ப நடந்துட்டிருந்தேன்," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கோர்ட்டில் தேதியைப் படிப்பாளே, அந்தக் குரல். "ரெண்டு வருஷமாவது அங்க நடந்திருப்பேன்."

காற்று வீட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போனது. இறக்கிய பிறகு அது கேட்காது.

"அடியில வரலாமா?" என்றாள்.

வீட்டுக்காரர்களை நாங்கள் அடியில் விடுவதில்லை. கட்டை அடுக்குகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்தேன். பிறகு தலையசைத்தேன். அவள் தானே உருட்டிக்கொண்டு இரும்பு உத்தரத்துக்குக் கீழே நுழைந்தாள். குனிய வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தாள். தரைப்பலகைகளின் அடிப்பக்கம், யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யாத பக்கம். ரம்பம் ஓடிய தடமும், வெட்டிய குழாய் முனைகளும், பழைய கசிவு விட்ட கறுப்புக் கறையும்.

"இது சிங்க்குக்கு அடி," என்றாள் கறையைக் காட்டி. "குழாய் ஒடஞ்ச வருஷம்."

"ஆமா."

"நீ மேல போ."

"எதுக்கு?"

"போயேன்."

ஏணியில் ஏறி உள்ளே போனேன். சமையலறையில் என் பூட்ஸ் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கீழேயிருந்து அவள் குரல் பலகை இடுக்கு வழியாக வந்தது. "சிங்க் பக்கம் வா. இன்னும். இன்னும் ரெண்டடி. அங்க நில்லு."

நின்றேன். பாத்திரம் கழுவும்போது அவள் நிற்கும் இடம். லினோலியம் அங்கே மட்டும் வெளுத்திருந்தது. என் உள்ளங்காலுக்கு நேர் கீழே இரண்டு தட்டு விழுந்தது. நாற்காலியின் பக்கத்தில் செருகியிருக்கும் கைத்தடியால் தட்டியிருக்க வேண்டும். நான் குதிகாலால் இரண்டு தட்டினேன்.

சரளையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த தட்டு அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அங்கே போனேன். அடுத்தது மேசைக்கு அடியில். மேசையை நகர்த்திவிட்டு நின்றேன். பிறகு சக்கரம் நிற்காமல் நேராகப் போயிற்று. கீழே சுவர் கிடையாது, நிலை கிடையாது, கதவு கிடையாது. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே வெளி. நான் தட்டு விழுந்த திசையில் நாலடி எடுத்து வைத்தேன். சுவர் வந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன், விரிசல் இல்லாத என் சுவர்மேல். அந்தப் பக்கத்திலிருந்து, குளியலறைத் தரைக்கு அடியிலிருந்து, அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.